கரடியின் பெயரைச் சொல்லாதே

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டே வாருங்கள். இன்றைக்கு ஒரு பிறந்தநாளுக்கு வீடு தயாராகிற கதை. பலூன் உண்டு, கேக் உண்டு, சிங்கம் கரடி எல்லாம் உண்டு. சிரிக்கவும் கொஞ்சம் இடம் இருக்கிறது. அந்த இடம் வரும்போதே சிரித்துக்கொள்ளுங்கள், பின்னால் கிடைக்காது.

போன வாரம் எங்கே விட்டோம்? கேக் கடையில் விட்டோம். கண்ணாடிப் பெட்டிக்கு அந்தப் பக்கம் பட்டாணியின் அம்மா, கையில் க்ரீம் பையோடு. இந்தப் பக்கம் பட்டாணியின் அத்தை, கையில் கைப்பையோடு.

பட்டாணிக்கு நாளைக்கு ஐந்து வயது. உருண்டையாக, ஓரிடத்தில் நிற்காமல் உருண்டுகொண்டே இருப்பாள் என்று அந்தச் செல்லப்பெயரை வைத்தவள் அம்மாதான். அந்த அம்மா, ஒரு வருஷத்துக்கு முன்னால், நாத்தனாரோடு வந்த சண்டையில் ஒரே ஒரு பையை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனாள். கோபம் தணிந்து திரும்பி வந்தபோது வாசல் பூட்டு புதிதாக இருந்தது. அப்புறம் பேச்சு, அப்புறம் கையெழுத்து. பிரிந்தாகிவிட்டது. குழந்தை அப்பாவிடம். அப்பாவிடம் என்றால் அத்தையிடம்.

லீவு நாள் வந்தால் அம்மா அந்த வீட்டு வாசலுக்கு எதிரே வந்து நிற்பாள். உள்ளேயிருந்து ஜன்னல் திரை இழுத்து விடப்படும். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவாள்.

அந்த அத்தைதான் கேக் கடைக்கு வந்தாள். ஊரில் கேக் கடையே இல்லையா என்ன? இதே கடைக்குத்தான் வந்தாள்.

"காடுதான் இந்தத் தடவை தீம். கேக்கும் காடு மாதிரியே இருக்கணும். மேல மூணு கரடி வை. அப்பா கரடி, குட்டிக் கரடி, அம்மா கரடி."

"சரி, அண்ணி."

"அம்மா கரடிக்கு மூக்குக் கண்ணாடி போட்டு விடு. மறந்துடாதே."

பட்டாணியின் அம்மா கண்ணாடி போடுகிறவள் இல்லை. கண்ணாடி போடுகிறவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிற பெண்; பட்டாணியின் அப்பாவுக்கு அத்தை பார்த்து வைத்திருக்கும் புதுப்பெண். க்ரீம் பையைப் பிடித்திருந்த கை ஒரு கணம் நின்றது. அவ்வளவுதான். "சரி, அண்ணி" என்றாள் மறுபடியும்.

அழுவாள் என்று எதிர்பார்த்து வந்த அத்தைக்கு அது போதவில்லை. அதனால்தான் அடுத்ததைச் சொன்னாள்.

"வீணா வாசல்ல வந்து நிக்கறியே, எதுக்கு? அவ உன்னை மறந்துட்டா."

"பொய்."

"பொய்யா? உங்க அம்மா எங்கேன்னு கேட்டா தெரியாதுங்கறா. வேணும்னா வந்து பாரு. பிறந்தநாளுக்கு முதல் நாள் ஒத்திகை. கரடிக்கு ஆள் கிடைக்கலை. நீ போட்டுக்க. கொஞ்ச நேரம் அவளோட விளையாடு, வாயை மட்டும் திறக்கக் கூடாது. கடைசியில நானே தலையைக் கழட்டறேன். அம்மான்னு கூப்பிட்டாளா, வாரா வாரம் நானே கதவைத் திறந்து அவளை உன்கூட அனுப்பறேன். தெரியலைன்னு சொன்னாளா, அந்தத் தெருவுல உன் நிழல்கூட விழக் கூடாது. என்ன சொல்றே?"

பட்டாணியின் அம்மா யோசிக்கவே இல்லை. பெற்றவளுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

"வர்றேன், அண்ணி. சத்தியமா, தெரியலைன்னு சொல்லிட்டா இனிமே வரவே மாட்டேன்."

அங்கேதான் விட்டோம். இப்போது ஒத்திகை நாள் காலை. வீட்டுக்குள் போவோம், வாருங்கள்.

நடுக்கூடம் காடாகிக்கொண்டிருந்தது. பச்சைக் காகிதத்தை நாடா நாடாவாகக் கிழித்து விட்டத்திலிருந்து தொங்கவிட்டிருந்தார்கள். பிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டி மரமாகி மூலையில் நின்றது. சோபாவுக்குப் பழுப்புத் துணி போர்த்திப் பாறை ஆக்கியாயிற்று. புதுப்பெண் தரையில் உட்கார்ந்து கன்னம் உப்ப பலூன் ஊதிக்கொண்டிருந்தாள். அவள் மடிக்கு எதிரே பட்டாணி, ஊதிய பலூன் ஒவ்வொன்றுக்கும் முத்தம் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தாள்.

பட்டாணியின் அப்பா ஸ்டூல் மேல் நின்றார். பெரிய பெரிய கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். இருபது மாடி உயரத்தில் கம்பியைப் பிடித்துத் தொங்குவார், பயமே கிடையாது. அக்காவுக்கு முன்னால் இந்த ஸ்டூலில் ஏறினால் முழங்கால் ஆடும்.

"தம்பி, அந்தக் கொடியை இன்னும் கொஞ்சம் மேல கட்டு."

"இதுக்கு மேல மொட்டைமாடிதான் இருக்கு, அக்கா."

"வாய் மட்டும் வக்கணையா இருக்கு. இறங்கு. சிங்கத்தைப் போட்டுக் காட்டு."

அத்தை வேஷக் கடை வைத்திருக்கிறாள். பள்ளிக்கூட நாடகத்துக்கு ராஜா, ராணி, புலி, தபால்காரர், எல்லா உடையும் அவளிடம் வாடகைக்குக் கிடைக்கும். ஒருதடவை போட்டுப் பார்க்காமல் எந்த வேஷமும் கடையை விட்டுப் போகக்கூடாது என்பது அவள் வைத்த சட்டம். அந்தச் சட்டம் வீட்டுக்கும் பொருந்தும்.

அப்பா சிங்கத் தலையை மாட்டிக்கொண்டு வந்து உறுமினார். இருமல் மாதிரி இருந்தது.

"சிங்கத்துக்குத் தொண்டை கட்டியிருக்கு போல" என்றாள் புதுப்பெண். "கடைக்கு வரச் சொல்லுங்க, அண்ணி. மாத்திரை தர்றேன்."

பட்டாணி கைதட்டிக் குதித்தாள். "அப்பா! அப்பா சிங்கம்!"

"ஏய், சொல்லிட்டியா?" அத்தை இடுப்பில் கை வைத்தாள். "பேரைச் சொல்லக் கூடாதுன்னு தெரியாதா உனக்கு?"

அந்த நேரம் பார்த்து அப்பாவின் போன் அடித்தது. எங்கேயோ லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டதாம், உள்ளே ஆள் இருக்கிறார்களாம். அவர் சிங்கத்தைக் கழற்றி அக்கா கையில் கொடுத்துவிட்டுப் பின்வாசல் வழியாக ஓடினார். பட்டாணி பலூனைப் பொறுக்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது சிங்கம் இல்லை.

"சிங்கம் எங்கே, அத்தை?"

"நீதான் பேரைச் சொல்லிட்டியே. காட்டுக்கு ஓடிப்போச்சு."

"நாளைக்கு வரும்ல?"

"ம்ஹூம். உள்ளே யாரு இருக்காங்கன்னு ஒருதடவை சொல்லிட்டா, அந்த மிருகம் திரும்ப வரவே வராது."

பட்டாணியின் கீழுதடு வெளியே வந்தது. அழவில்லை, யோசித்தாள். பிறகு ஒரு சந்தேகம் கேட்டாள்.

"முகம் நல்லாத் தெரிஞ்சாக்கூட சொல்லக் கூடாதா?"

அத்தை பல்லில் டேப்பைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். "தெரிஞ்சாலும் தெரியாதுன்னுதான் சொல்லணும். அப்பத்தான் அது நம்மகிட்டயே இருக்கும். போ, அந்தக் கத்திரிக்கோலை எடுத்துட்டு வா."

கடைக்கு வருகிற குழந்தைகள் எல்லாரிடமும் அவள் இதைத்தான் சொல்வாள். இல்லாவிட்டால் மேடையில் ராஜா வந்ததும், முன் வரிசையிலிருந்து "மாமா!" என்று கத்தி நாடகத்தைக் கெடுத்துவிடுவார்கள். சொல்லிச் சொல்லிப் பழகியதில், சொன்னதே அவள் காதில் விழுவதில்லை.

பட்டாணியின் காதில் விழுந்தது. பலூனுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த புதுப்பெண்ணின் காதிலும் விழுந்தது.

மதியம் பட்டாணியின் அம்மா வந்தாள். பின்வாசல் வழியாகத்தான் வரச் சொல்லியிருந்தார்கள். காலையிலேயே தலைக்குக் குளித்து, இருப்பதில் நல்ல உடையாகப் பார்த்து உடுத்தியிருந்தாள். அதன் மேல் கரடித் தோல் ஏறப்போகிறது என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். கடைசியில் தலையைக் கழற்றும்போது குழந்தை பார்க்கிற முகம் பளிச்சென்று இருக்கட்டுமே என்று வந்திருந்தாள்.

அத்தை மேலும் கீழும் பார்த்தாள். "கல்யாணத்துக்கா வந்திருக்கே? இந்தா, போட்டுக்க."

கடையிலேயே பழைய கரடி அது. உள்ளே பஞ்சு கட்டி கட்டியாகத் திரண்டிருந்தது. எத்தனையோ பேருடைய வியர்வை நாற்றம். கண் இருக்கிற இடத்தில் கண் தெரியாது. கரடியின் திறந்த வாயில் ஒரு வலை, அதன் வழியாக நேர் எதிரே இருப்பது மட்டும் தெரியும். காலடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது.

"மூச்சு விடறதுக்கு..." என்று ஆரம்பித்தாள்.

"வாயைத் திறக்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

கரடி வாயை மூடிக்கொண்டது.

கூடத்தில் புதுப்பெண்ணிடம் அத்தை குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "உங்கம்மா ஒரே பிடியா நிக்கறாங்கல்ல, பழைய நினைப்பு இருக்கற குழந்தைன்னா சம்பந்தமே வேணாம்னு? இன்னிக்கு நீயே கண்ணால பாத்துட்டுப் போய்ச் சொல்லு. கரடிக்குள்ள இருக்கறது அவதான். கேக்குக்காரி."

புதுப்பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள். "அண்ணி, இதெல்லாம் எதுக்கு? பாவம்."

"உனக்காகத்தான்டி செய்யறேன்."

கரடி வந்தது. பட்டாணி முதலில் மரத்துக்குப் பின்னால் ஒளிந்தாள். கரடி மண்டியிட்டுப் பாதங்களை விரித்தது. அப்புறம் நாற்காலியில் இடித்துக்கொண்டு குட்டிக்கரணம் அடிக்கப் பார்த்து, பாதியில் பக்கவாட்டில் சரிந்தது. பட்டாணி சிரித்த சிரிப்பில் விட்டத்துக் காகிதமெல்லாம் ஆடியது. ஒரு வருஷம் கழித்து அந்தச் சிரிப்பைப் பக்கத்தில் கேட்டவள் உள்ளே எப்படி இருந்தாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியே கரடிதான் சிரித்த வாயோடு இருந்தது.

"கரடி, இதைக் கட்டிக் குடு!" பட்டாணி காற்று நிரம்பிய பலூனை நீட்டினாள்.

அங்கேதான் கை பழக்கத்துக்குப் போயிற்று. எல்லாரும் பலூனை முடிச்சுப் போடுவார்கள். கேக்குக்காரி போடவில்லை. க்ரீம் பையைப் பிடிப்பது போல, பலூனின் கழுத்தை இரண்டு முறுக்கு முறுக்கி, பெருவிரல் இடுக்கில் இறுக்கிப் பிடித்து, மற்றக் கையால் அடியில் தாங்கினாள். இந்த வீட்டில் இருந்த காலத்தில், வேலைக்குப் போகும் முன் சமையலறையில் க்ரீம் பையை அப்படிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கீழே பட்டாணி வந்து உள்ளங்கையை நீட்டுவாள். அதில் ஒரு பொட்டு க்ரீம் விழும். தினமும் நடந்தது அது.

பட்டாணி சிரிப்பதை நிறுத்தினாள்.

கரடியின் கையையே பார்த்தாள். பிறகு மெதுவாகக் கிட்டே போய், பலூனுக்கு அடியில் தன் உள்ளங்கையை விரித்து நீட்டினாள். காத்திருந்தாள்.

கரடிக்குத் தெரியவில்லை. வலை வழியாகக் குழந்தையின் உச்சந்தலை மட்டும்தான் தெரிந்தது. கீழே நீட்டியிருந்த கையைப் பார்த்தவள் புதுப்பெண் ஒருத்திதான். அவளுக்கு அது என்னவென்று அப்போது புரியவில்லை.

ஒன்றும் விழாத கையை மூடிக்கொண்டு பட்டாணி கரடியின் மடியில் ஏறி உட்கார்ந்தாள். அந்த நாற்றமடித்த ரோமத்துக்குள் முகத்தைப் புதைத்தாள். வெகுநேரம் அப்படியே இருந்தாள். பிறகு நிமிர்ந்து, கூடத்தில் இருக்கிற எல்லாருக்கும் கேட்கும்படி, தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னாள்.

"இது கரடி! வெறும் கரடி!"

"போதும் விளையாடினது" என்று அத்தை வந்தாள். குழந்தையைத் தூக்கி எதிரே நிறுத்தினாள். கரடித் தலையை இரண்டு கையாலும் பிடித்து மேலே உருவினாள்.

வியர்வையில் தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. காலையில் பார்த்துப் பார்த்துத் துடைத்த முகம் கசங்கிச் சிவந்திருந்தது. ஆனாலும் அது அம்மாவின் முகம். கண் இமைக்காமல் குழந்தையைப் பார்த்துச் சிரித்தது.

"பட்டாணி, யாரு இது?"

குழந்தை பார்த்தாள். இன்னும் நன்றாகப் பார்த்தாள்.

"கரடி."

"கரடித் தலை என் கையில இருக்கு பாரு. இந்த முகம் யாரு? தெரியுதா உனக்கு?"

"தெரியாது."

அம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றது, போகவும் இல்லை.

"நல்லாப் பாத்துச் சொல்லு. கடைசியாக் கேக்கறேன்."

"தெரியாது! எனக்குத் தெரியாது! தெரியவே தெரியாது!" பட்டாணி கால் உதைத்துக் கத்தினாள். வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு மரத்துக்குப் பின்னால் ஓடினாள்.

அத்தை திரும்பிப் புதுப்பெண்ணைப் பார்த்தாள். கேட்டாயா என்கிற பார்வை. பிறகு கரடியைப் பார்த்தாள்.

"சத்தியம் பண்ணியிருக்கே."

"ஆமாம், அண்ணி."

"அப்பறம் என்ன, கழட்டு. உள்பக்கத்தை வெளியே புரட்டி, உதறி, மடிச்சு வெச்சுட்டுப் போகணும். வேஷம் போட்டவங்கதான் மடிக்கணும், அதுதான் எங்க கடை வழக்கம்."

மடித்தாள், கண்ணுகளா. அந்த நிலைமையிலும் ஒழுங்காக மடித்தாள். உதறியபோது ஒரு கரடிப் பாதம் உருண்டு மரத்தடிக்குப் போனது அவளுக்குத் தெரியாது. மரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னக் கை அதை உள்ளே இழுத்துக்கொண்டதும் தெரியாது.

பின்வாசலில் அத்தை நின்று வழியனுப்பினாள். "மனசுல வெச்சுக்காதே. சின்னக் குழந்தைங்க இப்படித்தான், சீக்கிரம் மறந்துடும்க. கேக் காலையில நேரத்துக்கு வந்துடணும். நீ கொண்டு வராதே. வேற யார்கிட்டயாவது குடுத்து அனுப்பு."

"சரி, அண்ணி."

"மூக்குக் கண்ணாடி?"

"போட்டுடறேன், அண்ணி."

அத்தை உள்ளே வந்து மடிப்பைப் பிரித்துப் பார்த்தாள். "ஒரு பாதத்தைக் காணோம்! போற போக்குல சுருட்டிட்டுப் போயிட்டா பாரு, திருட்டுக் கழுதை. இரு, அவ முதலாளிகிட்டயே கேக்கறேன்" என்று போனைத் தேடிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள்.

கூடத்தில் புதுப்பெண் மட்டும். பட்டாணி மரத்துக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஜன்னலில் ஏறித் திரையை விலக்கினாள். தெருக்கோடியில் ஒருத்தி திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தாள். வாக்குக் கொடுத்தவள், அதனால் திரும்பவில்லை.

பட்டாணி கூப்பிடவில்லை. வாயைப் பொத்தியபடியே பார்த்தாள். உருவம் மறைந்த பிறகுதான் கையை எடுத்தாள். அந்தக் கையில் கரடிப் பாதம் மாட்டியிருந்தது, முழங்கை வரைக்கும்.

"மருந்து ஆன்ட்டி."

"என்னம்மா?"

"நான் பேரைச் சொல்லவே இல்லைல்ல?" குரல் கிசுகிசுப்பாக இருந்தது. முகம் மட்டும் பரீட்சையில் ஜெயித்தது மாதிரி மலர்ந்திருந்தது. "முகம் நல்லாத் தெரிஞ்சுச்சு. அப்பவும் சொல்லலை. மூணு தடவை கேட்டாங்க, மூணு தடவையும் சொல்லலை. அப்ப நாளைக்குக் கட்டாயம் வரும்ல?"

புதுப்பெண்ணின் கையிலிருந்த பலூன் நழுவி, காற்றை இறைத்துக்கொண்டு காடெல்லாம் சுற்றிவந்து, பாறைக்கு அடியில் விழுந்தது.

"என்ன சத்தம்?" உள்ளேயிருந்து அத்தை. "உங்கம்மாவுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டியா, இல்ல நான் சொல்லட்டுமா? நீயே பாத்தேன்னு சொல்லு!"

புதுப்பெண் குழந்தையைப் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும், இந்த வீட்டுக் கதவு அவளுக்குச் சாத்தப்படும். ஒரு வார்த்தை போதும், இன்னொருத்திக்குத் திறக்கும். அவளுக்கும் வயது ஏறிக்கொண்டிருக்கிறது. அவளுக்கும் ஒரு வீடு வேண்டியிருந்தது.

"வரும்ல, ஆன்ட்டி?"

"வரும்" என்றாள். சொல்லிவிட்டு, உள்ளறைப் பக்கம் திரும்பினாள். "நானே சொல்லிடறேன், அண்ணி!"

கரடிப் பாதத்தைக் குழந்தையின் கையிலிருந்து மெதுவாகக் கழற்றித் தன் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள். எதற்கு வைத்தாள் என்று அவளுக்கே அப்போது தெரியாது. யாரிடம் கொடுக்க, எப்போது கொடுக்க, எதுவும் தெரியாது. போனை எடுத்துத் தன் அம்மாவின் எண்ணை அழுத்தினாள்.

கேக் கடையில் அந்நேரம் விளக்குப் போட்டிருந்தார்கள். முதலாளி வாசலிலேயே நிறுத்தி, கரடிப் பாதத்தைப் பற்றி நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார். பையைத் திறந்து காட்டிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள் பட்டாணியின் அம்மா. காடு தயாராக இருந்தது. பச்சைப் புல், பழுப்புப் பாறை, அப்பா கரடி, குட்டிக் கரடி. மூன்றாவது கரடியை எடுத்து முன்னால் வைத்தாள். க்ரீம் பையில் கறுப்பை நிரப்பி, கழுத்தை இரண்டு முறுக்கு முறுக்கினாள். பழக்கத்தில் ஒருதடவை கீழே பார்த்தாள், யாரும் கை நீட்டிக்கொண்டு நிற்கிறார்களா என்று.

பிறகு மூக்குக் கண்ணாடியை வரைந்தாள். கை பிசகவில்லை.

எழுந்திருங்கள், கண்ணுகளா, உங்கள் வீட்டில் உங்களைத் தேடுவார்கள். உங்கள் கூடத்தில் சிரிப்புச் சத்தம் நிறைந்திருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் உங்களை எந்த வேஷத்தில் பார்த்தாலும் வாய் நிறைய அம்மா என்று கூப்பிடட்டும். அந்தக் கூப்பிடு குரலுக்குக் குறுக்கே யாரும், எந்தக் காலத்திலும், வந்து நிற்காமல் இருக்கட்டும். நன்றாக இருங்கள்.